வீடியோல ஒண்ணுமே தெரியலையே, மால்டினியை ஏன் இவ்ளோ கொண்டாடுறாங்க?

கேள்வியை சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். "ஃபுட்பால்ல ஆல் டைம் பெஸ்ட் டிஃபென்டர் யாருன்னு கேட்டா பாதிப் பேரு பாவ்லோ மால்டினின்னு சொல்றாங்க, ஆனா அவரோட வீடியோவைத் தேடிப் பாத்தா நாலு டாக்கிள், ரெண்டு ஹெட்டர், நடுவுல கொஞ்சம் ஸ்லோ மோஷன், அவ்ளோதான் இருக்கு, அப்படி என்னதான் பண்ணிட்டாரு?" இதான் கேள்வி.

ரொம்ப நியாயமான கேள்விங்க. ஸ்ட்ரைக்கரோட வாழ்க்கையை பத்து நிமிஷ வீடியோல அடக்கிடலாம், ஏன்னா அவன் கோல் அடிக்கிற நேரத்துல கேமரா அவன் மேலதான் இருக்கும். டிஃபென்டர் செய்ற நல்ல வேலைல முக்கால்வாசி பந்து இல்லாத இடத்துல நடக்குது. எதிர் டீம் மிட்ஃபீல்டர் தலையைத் தூக்கிப் பாக்குறான், விங்கர் ஓடுறதுக்குத் தயாரா நிக்கிறான், ஆனா பாஸ் போற வழியில ரெண்டடி முன்னாடியே ஒருத்தர் வந்து நின்னுட்டாரு, சரின்னு அவன் பந்தைப் பின்னாடி தள்ளிடுறான். இதை எவன் வெட்டி வீடியோ போடுவான்? அதனால மால்டினியைப் புரிஞ்சுக்கணும்னா அவரோட 25 சீசனையும் வரிசையாப் பாக்கணும், அப்போதான் ஆளோட கனம் தெரியும்.

முதல்ல கணக்கை சொல்லிடுறேன். 1985 ஜனவரில இருந்து 2009 மே வரைக்கும் ஏசி மிலான் ஒரே கிளப். 902 மேட்ச். அதுல இத்தாலி லீக்கான சீரி ஆ மேட்ச் மட்டும் 647, இந்த ரெக்கார்டை 2020லதான் கோல்கீப்பர் பஃபோன் தாண்டினாரு. லீக் பட்டம் 7, ஐரோப்பிய கப் (இப்போ சாம்பியன்ஸ் லீக்னு சொல்றது) 5, அதுக்காக ஆடின ஃபைனல் மொத்தம் 8. இத்தாலிக்கு 126 மேட்ச், நாலு வேர்ல்ட் கப் டோர்னமென்ட்ல ஆடினாரு. வேர்ல்ட் கப் களத்துல 2,217 நிமிஷம் ஆடி வச்சிருந்த ரெக்கார்டை முறியடிக்க 2022 ஃபைனல்ல மெஸ்ஸி வர வேண்டியிருந்துச்சு.

இப்போ கதைக்கு வரேன். பாவ்லோ 1968ல மிலான் நகரத்துல பிறந்தவரு. அப்பா செஸாரே மால்டினியும் டிஃபென்டர்தான், அதுவும் சாதாரண டிஃபென்டர் இல்ல, 1963ல லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல பென்ஃபிகாவை 2-1னு ஜெயிச்சு ஒரு இத்தாலி கிளப் முதல் தடவையா ஐரோப்பிய கப்பைத் தூக்கினப்போ அந்த மிலான் டீமோட கேப்டன். அப்படிப்பட்ட வீட்டுல இருந்து ஒரு பையன் அதே கிளப்போட யூத் டீமுக்கு வந்தா ஊரு என்ன பேசும்னு நமக்குத் தெரியாதா, அப்பா பேருல சீட்டு கிடைச்சிருச்சுன்னுதான் பேசும். அந்தப் பேச்சை சின்ன வயசுல இருந்தே அவர் சுமந்தாருன்னு அவரே பல பேட்டில சொல்லியிருக்காரு.

கிளப்பும் அப்போ நல்ல நிலைமைல இல்ல. 1980ல மேட்ச் ஃபிக்ஸிங் சூதாட்ட விவகாரத்துல தண்டனையா ரெண்டாவது டிவிஷனுக்கு இறக்கினாங்க, திரும்பி மேல வந்து 1982ல ஆடித் தோத்தே மறுபடி இறங்குச்சு. 1983லதான் மறுபடி மேல ஏறி வந்துச்சு. 1985 ஜனவரி 20, உதினேசே கிளப்போட ஊர்ல மேட்ச், கோச் ஸ்வீடன்காரர் நீல்ஸ் லீட்ஹோம், ஹாஃப் டைம்ல பத்திஸ்தினிக்கு அடிபட்டதால 16 வயசுப் பையனை உள்ள இறக்கினாரு. மேட்ச் 1-1 டிரா. அந்த சீசன் அவருக்கு அது ஒண்ணுதான். அடுத்த சீசன்லயே ரெகுலரா இடம் பிடிச்சிட்டாரு, அதுக்கப்புறம் அந்த இடம் காலியே ஆகல.

இங்க பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. உலகத்தோட பெஸ்ட் லெஃப்ட் பேக்னு (இடது ஓரத்துல நிக்கிற டிஃபென்டர்) பேர் வாங்கின இந்த ஆளு பிறவில ரைட் ஃபுட். ரைட் பேக்கா வந்தவருதான். ஆனா மிலான்ல ரைட் பேக் இடத்துல மவுரோ டஸ்ஸோட்டி நல்லா உக்காந்துட்டாரு, அதனால பையனை இடது பக்கம் தள்ளினாங்க. இதுல என்ன கஷ்டம்னா, லெஃப்ட் பேக்கை எதிர்த்து வர விங்கர் கோட்டோரமா வெளிப்பக்கம் போனா அவனை நிறுத்தவும் கிராஸ் போடவும் இடது கால் வேணும், வராத காலை நம்பி அங்க நின்னா ஒவ்வொரு தடவையும் அரை நொடி லேட்டாகும். மால்டினி அந்த இடது காலை உக்காந்து உருவாக்கினாரு, அதுவும் எந்த அளவுக்குன்னா, வருஷக்கணக்கா அவரைப் பாத்த நிறைய ரசிகர்கள் இன்னைக்கும் அவரை லெஃப்ட் ஃபுட் ஆளுன்னே நினைச்சிட்டு இருக்காங்க. லாபம் என்னன்னா, விங்கர் உள்பக்கமா வெட்டி வந்தா அங்க இவரோட நிஜமான பலமான கால் காத்துட்டு இருக்கும். ரெண்டு பக்கமும் கதவு அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி 30 வயசுக்கு மேல சென்டர்ல, அதாவது டிஃபென்ஸோட நடுவுல, ஆட வந்தப்பவும் இந்த ரெண்டு கால்தான் அவரைக் காப்பாத்துச்சு.

1986ல தொழிலதிபர் பெர்லுஸ்கோனி கிளப்பை வாங்கினாரு, 1987ல அரிகோ சாக்கியை கோச்சா கொண்டு வந்தாரு. பெரிய லெவல்ல ஃபுட்பால் ஆடாத ஒரு ஆளு, மிலான் டீமுக்கு என்னத்த சொல்லிக்கொடுக்கப் போறாருன்னு பத்திரிகைல எல்லாம் எழுதினாங்க. அவர் வந்து இத்தாலிக்காரங்க பல வருஷமா நம்பிட்டு இருந்த விஷயத்தையே தூக்கிப் போட்டாரு. அதுவரைக்கும் இத்தாலில டிஃபென்டர்னா உனக்கு ஒரு ஆளு ஒதுக்கிடுவாங்க, அவன் எங்க போனாலும் ஒட்டிக்கிட்டே போகணும், தப்பினா பாத்துக்க பின்னாடி 'லிபரோ'ன்னு ஒருத்தர் தனியா நிப்பாரு. சாக்கி சொன்னது வேற. ஆளைப் பாக்காதே, முதல்ல பந்து எங்க இருக்குன்னு பாரு, அப்புறம் காலி இடம், உன் கூட்டாளி, எதிராளி, இந்த நாலையும் வச்சு நீ எங்க நிக்கணும்னு முடிவு பண்ணு. நாலு டிஃபென்டரும் ஒரே கோட்டுல நிக்கணும், பந்து முன்னாடி போனா நாலு பேரும் சேந்து முன்னாடி, பின்னாடி வந்தா சேந்து பின்னாடி. கடைசி டிஃபென்டருக்கும் முதல் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவுல 25 மீட்டர் மாதிரிதான் இடைவெளி இருக்கணும்.

அந்த நாலு பேரு டஸ்ஸோட்டி, கோஸ்டகுர்ட்டா, ஃபிராங்கோ பரேசி, மால்டினி. (பிலிப்போ கல்லியும் நிறைய மேட்ச் ஆடினாரு, அவரை மறந்துடக் கூடாது.) நம்ம ஊர் கபடில ரைடரை மடக்க கை கோத்து சங்கிலி போடுவாங்கல்ல, அதுல ஒருத்தன் அவசரப்பட்டு கையை விட்டாலோ ஒரு அடி முந்திப் பாஞ்சாலோ ரைடர் எல்லாப் பாயிண்டையும் அள்ளிட்டுப் போயிடுவான், அதே கதைதான் இந்த ஆஃப்சைடு லைன் (பாஸ் கிளம்புற நேரத்துல டிஃபென்டர் லைனைத் தாண்டி நிக்கிற ஸ்ட்ரைக்கர் ஆடக் கூடாது, அதான் ஆஃப்சைடு). பரேசி கையைத் தூக்கினாருன்னா நாலு பேரும் ஒரே நேரத்துல ஒரு எட்டு முன்னாடி வந்திருப்பாங்க, பின்னாடி ஓடின ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடுல நிப்பான். ஒருத்தர் அரை எட்டு பின்தங்கினா அது கோல்.

சாக்கி இதை எப்படி ஊட்டினாருன்னு ஒரு கதை இருக்கு, அவரே பல தடவை சொன்னது. டீமோட நெதர்லாந்து ஸ்டார்களான குல்லிட்டும் வான் பாஸ்டனும் "இவ்ளோ ஒழுங்கு எதுக்கு, எங்களை சும்மா ஆட விடுங்க"ன்னு கேட்டாங்களாம். அவர் ஒரு பக்கம் கோல்கீப்பர், டஸ்ஸோட்டி, கோஸ்டகுர்ட்டா, பரேசி, மால்டினி, மொத்தம் அஞ்சே பேரை நிறுத்தினாரு, எதிர்ப்பக்கம் குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட், டொனாடோனி, அன்செலோட்டின்னு பத்து பேர். 15 நிமிஷம் டைம், கோல் அடிங்க பாக்கலாம், பந்து பறிபோனா உங்க பாதில பத்து மீட்டர் உள்ள இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். ஒரு தடவை கூட கோல் விழலன்னு சொல்லுவாரு. அந்தப் பத்து பேர்ல பல பேரு உலகத்தரமான ஆட்டக்காரங்க, அடைச்சது அஞ்சு பேரு. மால்டினியோட 19, 20 வயசு இப்படிப்பட்ட பட்டறைல போயிருக்கு. அவர் பிறவி மேதைன்னு சொல்லிட்டுப் போறவங்க மேல எனக்கு வருத்தம் வர்றது இதனாலதான். திறமை இருந்துச்சு, உயரம் இருந்துச்சு, வேகம் இருந்துச்சு, எல்லாம் சரி, ஆனா தினமும் காலைல பந்தே இல்லாம வெறும் ஆள் நகர்வை மட்டும் திரும்பத் திரும்ப செஞ்சு செஞ்சு அது உடம்புல ஏறியிருக்கு, அதை மறைச்சுட்டுப் பேசுறது அந்த உழைப்புக்கு செய்ற அநியாயம்.

பலன் சீக்கிரமே வந்துச்சு. 1988ல லீக். 1989 ஐரோப்பிய கப் செமி ஃபைனல்ல சொந்த மைதானமான சான் சிரோல ரியல் மாட்ரிட்டை 5-0னு சாத்தினாங்க, பார்சலோனால நடந்த ஃபைனல்ல ஸ்டீவா புக்கரெஸ்டை 4-0. 1990ல வியன்னால பென்ஃபிகாவை 1-0, ரைகார்ட் கோல். 22 வயசு முடியறதுக்குள்ள பாவ்லோ கைல ரெண்டு ஐரோப்பிய கப், அப்பாவைத் தாண்டியாச்சு.

அப்புறம் சட்டமே மாற ஆரம்பிச்சுது. 1990ல ஆஃப்சைடு விதியை மாத்தினாங்க, டிஃபென்டரோட நேர்கோட்டுல நிக்கிற ஸ்ட்ரைக்கர் இனிமே ஆன்சைடு. 1992ல கூட்டாளி காலால தள்ளிவிட்ட பந்தை கோல்கீப்பர் கையில எடுக்கக்கூடாதுன்னு வந்துச்சு. பின்னாடி இருந்து இடிக்கிற டாக்கிளுக்கு ரெட் கார்டுன்னு 90கள்ல கறாரா ஆயிடுச்சு. மூணுமே டிஃபென்டர் வயித்துல அடிக்கிற மாற்றம்தான், பழைய பாணில முரட்டுத்தனமா ஆடிட்டு இருந்த பல பேரு இதுல காணாம போனாங்க. மால்டினிக்கு இது ஒண்ணுமே செய்யல, ஏன்னா அவர் ஆட்டம் இடிக்கிறதை நம்பியே இல்ல, எங்க நிக்கிறோம், உடம்பை எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கோம்ங்கறதை நம்பி இருந்துச்சு. அவர் நிக்கிறதைக் கவனிச்சீங்கன்னா நெஞ்சை நேரா எதிராளிக்குக் காட்டவே மாட்டாரு, பக்கவாட்டுல அரைத் திருப்பமா, முழங்கால் கொஞ்சம் மடங்கி, பந்தும் ஆளும் ஒரே பார்வைல விழுற மாதிரி நிப்பாரு. அப்படி நின்னா எதிராளிக்கு ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கும், அந்த வழியைத் திறந்து விட்டதே இவருதான்.

சாக்கிக்கு அப்புறம் கப்பெல்லோ வந்தாரு. 1991-92 சீசன்ல ஒரு லீக் மேட்ச் கூட தோக்காம சாம்பியன். அந்தத் தொடர் 58 லீக் மேட்ச் வரைக்கும் போச்சு, 1993 மார்ச்ல பார்மாவோட அஸ்பிரியா அடிச்ச ஃப்ரீ கிக்லதான் முடிஞ்சுது. 1993-94 சீசன் இன்னும் ஆச்சரியம், 34 மேட்ச்ல மிலான் அடிச்ச கோலே 36தான், ஆனா சாம்பியன், ஏன்னா வாங்கினது வெறும் 15. கோல்கீப்பர் செபஸ்டியானோ ரோசி 929 நிமிஷம் கோலே வாங்காம இருந்தாரு. சராசரியா மேட்ச்சுக்கு ஒரு கோல் அடிச்சு ஒரு டீம் பட்டம் வாங்குதுன்னா அதை யாரு வாங்கிக் கொடுத்ததுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

மால்டினியோட ஒரே ஒரு மேட்ச்தான் பாக்க நேரம் இருக்குன்னு யாராவது சொன்னா நான் காட்டுறது 1994 மே மாசம் ஏதென்ஸ்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். எதிரணி குரைஃப்போட பார்சலோனா, முன்னாடி ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ். மேட்ச்சுக்கு முன்னாடி உலகமே பார்சலோனாதான்னு முடிவு கட்டிடுச்சு. மிலான்ல பரேசி சஸ்பென்ஷன், கோஸ்டகுர்ட்டாவும் சஸ்பென்ஷன், நடுவுல நிக்க வேண்டிய ரெண்டு பேருமே இல்ல. அதனால மால்டினி இடது பக்கத்துல இருந்து சென்டருக்கு வந்து பிலிப்போ கல்லி கூட நின்னாரு, லெஃப்ட் பேக்ல சின்னப் பையன் பனுச்சி. முடிவு மிலான் 4-0. மாசாரோ ரெண்டு, சவிசெவிச் தூக்கிப் போட்ட அந்த அற்புதமான கோல், டெசாய் ஒண்ணு. எல்லாரும் சவிசெவிச் கோலைப் பத்திப் பேசுவாங்க, பேசட்டும், அது அவ்ளோ அழகு. ஆனா முழு மேட்ச்சையும் போட்டு ரொமாரியோவை மட்டும் கவனிச்சுப் பாருங்க. உலகத்துலயே பெனால்ட்டி ஏரியாக்குள்ள அவரை விட ஆபத்தான ஆளு அப்போ கிடையாது, அந்த ஆளுக்கு திரும்பி நிக்க இடம் கிடைக்கல. பந்து வர்றதுக்கு முன்னாடியே அவர் பக்கத்துல யாரோ ஒருத்தர் வந்து சேந்திருப்பாங்க, பாதி நேரம் அது மால்டினி.

அதே வருஷம் அமெரிக்கா வேர்ல்ட் கப். இத்தாலிக்கு கோச் அதே சாக்கி. ரெண்டாவது மேட்ச்ல நார்வேக்கு எதிரா பரேசிக்கு முட்டி போச்சு, மால்டினி மறுபடி சென்டர்ல நின்னு டீமை ஃபைனல் வரைக்கும் இழுத்துட்டு வந்தாரு. பரேசி ஆபரேஷன் பண்ணிட்டு ஃபைனலுக்குத் திரும்பி வந்தாரு, அதை யோசிச்சாலே இப்பவும் சிலிர்க்கும். பாசடேனா வெயில்ல 120 நிமிஷம், ரொமாரியோவும் பெபெட்டோவும் எதிர்ல, ஒரு கோல் விடல. அப்புறம் பெனால்ட்டில பரேசி, மாசாரோ, பாஜியோ மூணு பேரும் தவறவிட்டு கப்பு பிரேசிலுக்குப் போச்சு. பாஜியோ இடுப்புல கை வச்சு நிக்கிற போட்டோ எல்லாருக்கும் தெரியும், அந்த ரெண்டு மணி நேரம் பிரேசிலை அடைச்சு வச்ச ஆளுங்க பேரு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அந்த வருஷக் கடைசில வேர்ல்ட் சாக்கர் பத்திரிகை மால்டினியை வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரரா தேர்ந்தெடுத்துச்சு, ஒரு டிஃபென்டருக்கு அது முதல் தடவை. வருஷா வருஷம் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற பாலன் டோர் விருதுல மூணாவது இடம், 2003லயும் அதே மூணாவது. ரெண்டுல ஒண்ணாவது அவருக்குக் கொடுத்திருக்கணும்ங்கறது என் உறுதியான கருத்து.

இத்தாலி டீம் அவருக்குக் கொடுத்தது பூரா இப்படித்தான். 1990ல சொந்த நாட்டுல நேப்பிள்ஸ் செமி ஃபைனல்ல அர்ஜென்டினாகிட்ட பெனால்ட்டில தோல்வி. 1998ல அப்பா செஸாரேயே கோச், மகன் கேப்டன், ஃபிரான்ஸ்கிட்ட குவார்ட்டர் ஃபைனல்ல மறுபடி பெனால்ட்டி. யூரோ 2000 ஃபைனல்ல மறுபடி ஃபிரான்ஸ், 1-0னு முன்னாடி இருந்துட்டு, 90 நிமிஷம் முடிஞ்சு கூட்டிக் கொடுத்த நேரத்துல வில்டார்ட் சமன் பண்ணி, எக்ஸ்ட்ரா டைம்ல ட்ரெஸகே கோல்டன் கோல் (அடிச்ச உடனே மேட்ச்சை முடிக்கிற கோல்) அடிச்சு கப்பு போச்சு. 2002ல தென் கொரியாகிட்ட 117வது நிமிஷம், ஆன் ஜுங் ஹ்வான் தலையால முட்டின கோல்டன் கோல், அவன் எம்பினது மால்டினிக்குப் பக்கத்துலதான். அதோட இத்தாலி சட்டையைக் கழட்டினாரு. நாலு வருஷம் கழிச்சு 2006ல இத்தாலி கப்பை ஜெயிச்சுது. 126 மேட்ச் ஆடின மனுஷனுக்கு அந்த ஒண்ணு கிடைக்கல, இதுல நியாயம் பேச ஒண்ணும் இல்ல, ஆனா வலிக்குது.

கிளப்லயும் எல்லாம் ஏறுமுகம் கிடையாது. 1997ல பரேசி ரிட்டயர் ஆக கேப்டன் பட்டை மால்டினி கைக்கு வந்துச்சு, வந்த நேரம் சரியில்ல, மிலான் 1996-97ல 11வது இடம், அடுத்த வருஷம் 10வது, நடுவுல யுவென்டஸ் சான் சிரோலயே வந்து 6-1னு அடிச்சிட்டுப் போனாங்க. அந்த சமயத்துல அவர் கேட்டிருந்தா எந்த பெரிய கிளப்பும் கதவைத் திறந்திருக்கும். அவர் அங்கேயே இருந்தாரு, 1999ல சக்கெரோனி கோச்சா இருந்தப்போ லீக் மறுபடி வந்துச்சு.

2001ல அன்செலோட்டி கோச் ஆனாரு, சாக்கி காலத்துல கூட ஆடின அதே கார்லோ. இதுக்கப்புறம் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் மால்டினி வாழ்க்கைல ரொம்பப் பெரிய விஷயம். 34 வயசுல ஒரு லெஃப்ட் பேக்குக்கு என்ன நடக்கும்? கோட்டோரமா மேல போயி திரும்பி ஓடி வர்றதுக்கு கால் ஒத்துழைக்காது, இளவயசு விங்கர் தாண்டிப் போயிடுவான், பெஞ்சு, அப்புறம் பிரியாவிடை. இவர் மெதுவா சென்டருக்கு நகர்ந்தாரு, 1994ல அவசரத்துக்கு செஞ்சதை இப்போ வேலையாவே எடுத்துக்கிட்டாரு. சென்டர்ல 40 மீட்டர் ஓட்டம் குறைவு, ஆனா நினைப்பு ரெண்டு மடங்கு வேணும், இடது வலது ரெண்டு பக்கமும் பாக்கணும், லைனை நீதான் கட்டணும், இளையவன் நெஸ்டா பக்கத்துல நிக்கிறான், அவனுக்கும் சேத்து கத்தணும். பரேசிகிட்ட பத்து வருஷம் பக்கத்துல நின்னு பாத்ததை எல்லாம் அங்க இறக்கினாரு.

2003 மே, மான்செஸ்டர் ஓல்டு ட்ராஃபோர்டு, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எதிர்ல யுவென்டஸ். பின்னாடி கோஸ்டகுர்ட்டா, நெஸ்டா, மால்டினி, கலாட்ஸே. 0-0. பெனால்ட்டில 3-2, கடைசி கிக் ஷெவ்செங்கோ. கோலே இல்லாத மேட்ச்ல ஆட்ட நாயகன் விருது மால்டினிக்கு. அப்பா இங்கிலாந்து மண்ணுல கப்பைத் தூக்கி சரியா 40 வருஷம் கழிச்சு மகன் அதே நாட்டுல கேப்டனா தூக்கினாரு. நிறைய பேரு இந்த மேட்ச்சை போர் ஃபைனல்னு சொல்லுவாங்க, எனக்கு ஒத்துக்க முடியல, ரெண்டு பக்கமும் டிஃபென்ஸ் அந்த உயரத்துல ஆடி நான் பாத்தது ரொம்பக் கம்மி.

2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எதிர்ல லிவர்பூல், உங்களுக்கே தெரியும். முதல் நிமிஷம் முடியறதுக்குள்ள பிர்லோவோட ஃப்ரீ கிக்கை மால்டினி வலது காலால வாலி அடிச்சாரு, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரலாற்றுலயே வேகமான கோல், 36 வயசு டிஃபென்டர் அடிச்சது. கிரெஸ்போ ரெண்டு, ஹாஃப் டைம் 3-0. அப்புறம் ஆறே நிமிஷத்துல ஜெரார்டு, ஷ்மீட்சர், அலோன்சோ மூணு கோலையும் திருப்பி அடிச்சு, பெனால்ட்டில லிவர்பூல் ஜெயிச்சுது. கஃபூ, ஸ்டாம், நெஸ்டா, மால்டினி, காகிதத்துல இதைவிட நல்ல நாலு பேரை எழுத முடியாது, அந்த லைனே ஆறு நிமிஷம் உடைஞ்சுது. நாலு டிஃபென்டர் எவ்ளோ பெரிய ஆளுங்களா இருந்தாலும் முன்னாடி மிட்ஃபீல்டு அழுத்தம் கொடுக்காம விட்டா பின்னாடி ஒண்ணும் பண்ண முடியாது, சாக்கி 25 மீட்டர் 25 மீட்டர்னு உயிரை விட்டது இதுக்குத்தான். ரெண்டு வருஷம் கழிச்சு 2007ல ஏதென்ஸ்ல அதே லிவர்பூல், இன்சாகி ரெண்டு கோல், 2-1, முட்டி ரெண்டும் தேஞ்சு போன நிலைமைல 38 வயசு கேப்டன் கப்பைத் தூக்கினாரு, உடனே ஆபரேஷனுக்குப் போனாரு.

அடுத்து சொல்லப் போறது எனக்கு இன்னைக்கும் கோபம் வர்ற விஷயம். 2009 மே 24, சான் சிரோல அவரோட கடைசி ஹோம் மேட்ச், ரோமாகிட்ட 3-2னு தோல்வி. மேட்ச் முடிஞ்சு மைதானத்தைச் சுத்தி வந்து நன்றி சொல்றாரு, கேலரில ஒரு பகுதி தீவிர ரசிகர் கும்பல் விசில் அடிச்சு பரேசியோட 6ம் நம்பர் சட்டையை பெருசா விரிச்சு, கேப்டன் ஒருத்தர்தான்னு பாட்டு பாடுறாங்க, நீ எங்களை மதிக்கலன்னு பேனர் வேற. காரணம், இஸ்தான்புல் தோல்விக்கு அப்புறம் உண்டான உரசல், அந்த கும்பலோட தலைவர்கள்கிட்ட அவர் எப்பவும் குழைஞ்சு போனதில்ல. நான் அவங்கள்ல ஒருத்தன் இல்லங்கறதுல எனக்குப் பெருமைதான்னு பின்னாடி சொன்னாரு. மத்த ஸ்டேடியம் பூரா எழுந்து நின்னு கைதட்டுச்சு, அதையும் சொல்லணும். ஒரு வாரம் கழிச்சு மே 31 கடைசி மேட்ச் ஃப்ளாரன்ஸ்ல, ஃபியோரென்டினாவுக்கு எதிரா, அந்த ஊர் எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்னு வழியனுப்பினாங்க. சொந்த ஊர்ல அந்த கும்பல் செய்யாததை வேத்து ஊர்க்காரங்க செஞ்சாங்க. மிலான் 2-0, அன்செலோட்டியும் அன்னைக்கே கிளம்பினாரு.

3ம் நம்பர் சட்டையை கிளப் எடுத்து வச்சிடுச்சு, அவர் பையன் யாராவது மிலான் சீனியர் டீமுக்கு ஆடினா மட்டும் கொடுக்கலாம்னு ஏற்பாடு. ரெண்டாவது பையன் டேனியல் 2020ல மிலானுக்கு ஆட வந்தாரு, ஆனா அட்டாக்கர், 27ம் நம்பர் போட்டுக்கிட்டாரு. 2022ல லீக் பட்டம் வாங்கின மூணாவது தலைமுறை ஆனாரு, 2024 அக்டோபர்ல இத்தாலிக்கும் ஆடினாரு, தாத்தா, அப்பா, பேரன் மூணு பேரும் இத்தாலிக்கு ஆடின குடும்பம் இது ஒண்ணுதான். நடுவுல பாவ்லோ 2017ல 49 வயசுல மிலான்ல நடந்த சேலஞ்சர் டென்னிஸ் டோர்னமென்ட்ல டபுள்ஸ்ல தகுதி வாங்கி ஆடினாரு, முதல் ரவுண்டுலயே தோத்தாலும் ஆளோட உடம்பு எப்படின்னு புரியும்.

2018ல நிர்வாகியா மிலானுக்குத் திரும்பினாரு. கிளப் அப்போ பணமும் இல்லாம பேரும் இல்லாம தடுமாறிட்டு இருந்துச்சு. ரியல் மாட்ரிட்ல ஓரங்கட்டப்பட்டிருந்த தியோ ஹெர்னாண்டஸை ஸ்பெயின் தீவான இபிசாவுக்கே நேர்ல போய் பேசிக் கூட்டிட்டு வந்தாரு, வேற என்ன, லெஃப்ட் பேக். தொமோரி, கலுலு, மெய்ன்யான், லியாவ்னு இளவயசு ஆளுங்களைச் சேத்து 2022ல லீக் ஜெயிச்சாங்க, 2011க்கு அப்புறம் முதல் தடவை. 2023 ஜூன்ல புது முதலாளிகளோட ஒத்துப்போகலன்னு அவரை வெளிய அனுப்பிட்டாங்க. ஆட்டக்காரரா 7, நிர்வாகியா 1, அந்த கிளப் இதுவரைக்கும் வாங்கின 19 லீக் பட்டத்துல 8ல இவர் கை இருக்கு, அப்பா செஸாரே ஆடின காலத்து 4ஐயும் சேத்தா 12.